அரியாங்குப்பத்தில் ஒரு பிரதி

மூன்று நாள் வரை அதைப் பல்லி என்றே நினைத்திருந்தேன். மேசைக்குப் பின்னாலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரும். எட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நான்காம் நாள் கம்ப்யூட்டரை அணைத்ததும் பல்லியும் அடங்கிவிட்டது. சத்தம் உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க்கிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பெட்டிக்குள்தான் என் கல்யாண வாழ்க்கை இருந்தது. என் கணவர் கிளோத் பிரெஞ்சுக் கடற்படையில், துலோனில் இருக்கிறார். எங்களுடையது, பிரெஞ்சுப் படையில் ஆள் இருக்கிற வீட்டை ஊரில் சொல்வதுபோல், சொல்தா வீடு. நானும் இரண்டு குளிர்காலம் அங்கே இருந்து பார்த்தேன். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டோம். நாளொன்றுக்குப் பத்து வார்த்தை பேசியிருப்போமா என்பது சந்தேகம். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது என்று அரியாங்குப்பத்துக்கு வந்தேன். எலும்பு கூடிவிட்டது, நான் திரும்பவில்லை. உழவர்கரையில் வீடு எடுத்து, பக்கத்துப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கப் போனேன்.

வேடிக்கை என்னவென்றால் அதற்குப் பிறகுதான் நாங்கள் பேசத் தொடங்கினோம். 2001 முதல் தினமும் மாலையில் சாட். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி, ஆறு வருஷம். சண்டை, சமாதானம், சொல்லக் கூச்சப்பட்டவை எல்லாம் அதில் உண்டு. ஒன்றையும் நான் அழித்ததில்லை. அவர் குரலையும் பதிவு செய்து வைத்திருந்தேன். அடுத்த வருஷம் ஓய்வு பெற்று வருகிறார். வந்த பிறகு மறுபடி பத்து வார்த்தைக்குப் போய்விடுவோமோ என்று எனக்குள் ஒரு பயம். அப்படி ஆனால் எடுத்துப் பார்த்துக்கொள்ள இதுதான் இருக்கிறது.

எழிலரசன் கடைக்கு ஓடினேன். கம்ப்யூட்டரை எனக்கு விற்றவர் அவர்தான். சிடியில் போட்டு வைக்கலாமா என்று கேட்டேன். ஒரு பழைய சிடியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கடல் காற்றுக்குப் பூஞ்சை பிடித்து, உள்ளே பாசி படர்ந்த மாதிரி இருந்தது. சரி, எந்தக் கம்பெனி ஹார்டு டிஸ்க் நம்பகமானது என்றேன். ஆளுக்கு ஒரு கம்பெனியைக் கும்பிடுகிறார்கள் என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாரண்டி ஐந்து வருஷம் என்று போட்டிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

"வாரண்டில புது டிஸ்க் குடுப்பாங்க டீச்சர். உள்ள இருந்தத குடுக்க மாட்டாங்க" என்றார்.

எந்த டிஸ்க்கும் ஒரு நாள் சாகும், பிழைக்கிற வழி இரண்டு பிரதி வைப்பதுதான் என்றார். அப்படியானால் அதிலேயே இரண்டு கொடுங்கள் என்றேன். ஒரே பெட்டியில் வந்த இரண்டும் ஒரே வாரத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று மறுத்துவிட்டார். நாத்தனாருக்கும் ஓரகத்திக்கும் ஒரே மாதிரிப் புடவை எடுத்தே பழகிய கை எனக்கு. மருந்துப் பட்டையில் தேதி பார்ப்பதுபோல் பார்த்து, இரண்டு கம்பெனியில் இரண்டு எடுத்துக் கொடுத்தார். பழைய டிஸ்க் டிக் டிக் என்றபடியே எல்லாவற்றையும் ஒப்படைத்தது. அதன் பிறகு அது எழுந்திருக்கவில்லை; கம்ப்யூட்டர் ஓடுவதற்கு மட்டும் தன்னிடமிருந்த ஒரு சின்ன டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தார்.

ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு வீட்டில் என்று சொல்லி அனுப்பினார். திருட்டு, தீ, தண்ணீர் எதுவும் ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு வராதாம்.

வேறு வீடு என்றால் யார் வீடு? அன்றைக்கெல்லாம் எனக்குத் தெரிந்த மனிதர்களை டிஸ்க் வாங்குவதுபோல் தட்டிப் பார்த்தேன். கூட வேலை செய்யும் ராஜாம்பாள் தங்கமானவள். ஆனால் காலையில் காதில் விழுந்ததை மதியச் சாப்பாட்டுக்குள் மொத்தப் பள்ளிக்கும் பரிமாறிவிடுவாள். தம்பி மத்தியோ வாங்கி வைத்துக்கொள்வான். ஒரு மாதம் கழித்து அதை அழித்து அவன் சினிமாவை ஏற்றியிருப்பான். சத்தம் போடாத, சூடாகாத, கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிற ஆள் என்று தேடினால் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். என் மாமியார் அஞ்செல்.

இதில் ஒரு சங்கடம். அந்த ஆறு வருஷப் பேச்சில் பாதி அவரைப் பற்றிய என் புலம்பல். ஆனால் அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. திட்டு வாங்கியவர் கையிலேயே அதைக் கொடுத்து வைப்பதைவிடப் பாதுகாப்பு எது? இப்படி நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். சிரித்து முடித்ததும், இவ்வளவு புலம்பியும் நம்புவதற்கு அவரைத்தானே தேர்ந்தெடுத்தோம் என்று உள்ளே எங்கோ உறுத்தியது.

துலோனில் வாங்கிய ஸ்வெட்டருக்கு ஒருவழியாக வேலை வந்தது. டிஸ்க்கை அதில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அரியாங்குப்பம் போனேன். கிளோத் சம்பந்தப்பட்டது, பத்திரம் என்று மட்டும் சொன்னேன். அத்தை வாங்கிப் பீரோவில் வைத்தார்.

இரண்டரை மாதம் கழித்து, பழைய சாட் ஒன்றைப் பார்க்கலாம் என்று என்னிடமிருந்த புது டிஸ்க்கை மாட்டினேன். அது சுற்றவே இல்லை. எழிலரசனிடம் கொண்டுபோனேன். சில டிஸ்க்குகள் பச்சைக் குழந்தையிலேயே போய்விடும் என்றார். ஐந்து வருஷ வாரண்டிக்காரன்தான்.

இப்போது பூமியில் ஒரே ஒரு பிரதி.

அரியாங்குப்பத்தில் பீரோவைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாடை அடித்தது. ஸ்வெட்டரைப் பிரித்தேன். டிஸ்க்கின் நடுவில் வில்லியனூர் மாதா ஸ்டிக்கர். காப்பாற்றட்டும் என்று அத்தை ஒட்டியிருக்கிறார். டிஸ்க்கின் முகத்தில் ஓர் ஊசித் துளை உண்டு, அது காற்று வாங்குகிற வழி. இந்தத் துளையை மூடாதே என்று பக்கத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அத்தை படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். ஆங்கிலம் ஓரெழுத்து தெரியாது. மாதா சரியாக அந்தத் துளையின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். என்னிடம் இருந்தது போய்விட்டது, இதில் மட்டும்தான் நாங்கள் பேசியதெல்லாம் இருக்கிறது என்று முதல்முறையாகச் சொன்னேன்.

கட்டிலில் உட்கார்ந்தார். "அப்ப என்னப் பத்தியும் இருக்குமே."

"இருக்கு அத்தை."

"நல்லவிதமாவா?"

"எல்லாம் இல்ல."

அவர் கோபிக்கவில்லை. "அவன் என்னா சொல்றான்?"

யோசித்துப் பார்த்தேன். நான் பக்கம் பக்கமாகப் புலம்பியிருப்பேன். கிளோத் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. "கடைசில, அம்மா சாப்ட்டாங்களான்னு கேப்பாரு."

"எங்கிட்ட போன்லயும் அதான். சாப்ட்டியாம்மா, மாத்திர போட்டியாம்மா, வச்சிடறேன். இருவது வருஷமா வேற பேச்சு வந்ததில்ல" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்கிட்ட பேசறானா?"

"பேசறாரு அத்தை. நெறைய."

"அப்ப இத சாவ விட்றாத."

அவரே ஸ்வெட்டரில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

எழிலரசன் ஸ்டிக்கரைப் பார்த்து, மாதாவே மூக்கைப் பிடித்துவிட்டாள் என்றார். நகத்தால் மெதுவாக உரித்து, துளையைச் சுற்றிப் பசையைத் துடைத்து மாட்டினார். மூன்று விநாடி ஒன்றுமில்லை. நான் அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு உர்ர் என்று சுற்றத் தொடங்கியது. 2001, 2002 என்று வரிசையாக வந்தன. புதிதாக இன்னும் இரண்டில் பிரதி எடுத்தார். ஸ்டிக்கரை வாங்கி, துளையை விட்டு இரண்டு விரல் தள்ளி நானே ஒட்டினேன். மறுநாளே அந்த டிஸ்க் அரியாங்குப்பம் போய்விட்டது.

அன்று மாலை கிளோத்துக்குத் தட்டினேன். அம்மாவுக்குப் போன் போடுங்க, சாப்ட்டாச்சா மாத்திரை போட்டாச்சா ரெண்டும் கேக்கக் கூடாது.

 வேற என்ன பேசுறது என்று வந்தது.

எனக்குச் சிரிப்பாக வந்தது. எங்க வீட்டுப் பல்லி கதைய சொல்லுங்க என்று எழுதினேன்.

என்ன பல்லி என்று கேட்டார். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.