பெரியம்மாளின் சம்மதக் கடிதம்

கச்சிராயபாளையத்தில் தனுஷா பின்னும் மாட்டுக் கயிறுகளுக்குப் பொங்கல் சமயத்தில்தான் கிராக்கி. நைலான் கயிற்றில் குஞ்சம் வைத்து, சலங்கை கோத்துச் சந்தையில் விற்பாள். இந்த வருஷம் அவற்றைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். பொங்கல் முடிந்தும் ஆர்டர் நிற்கவில்லை. மதுரையில் ஒருவர் ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கேட்டார். கோவையில் ஒரு பெண் தன் நாய்க்குக் கேட்டாள். வைகாசியில் பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் போன் செய்து இருநூறு கயிறு கேட்டார். ஆனால் ஜி.எஸ்.டி. பில் வேண்டுமாம்.

லாரிகளில் லோடு ஏற்றப் போகும் கணவன் வெற்றிவேலுக்கு அது புரியவில்லை.

"வரிக்கும் நமக்கும் இன்னா சம்பந்தம்? நாப்பது லட்சத்துக்கு மேல வித்தாதான்னு வீடியோவுல சொன்னாங்களே."

"பில்லு இல்லாம வாங்க மாட்டேன்றாருங்க."

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர் பதிவு செய்ய ஆறாயிரம் கேட்டார். "பதியாம அனுப்பினீங்கன்னா வூட்டுக்கே சீல் வெச்சிடுவாங்க" என்றும் சொல்லி வைத்தார். தனுஷாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் டவுன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி வரி அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

உதவி மேசையில் தீனதயாளன் என்பவர் இருந்தார். அவள் வயதுதான் இருக்கும். கொண்டுபோன கயிற்றை வாங்கிச் சலங்கையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நம்ம மாநிலத்துக்குள்ள விக்கறவரைக்கும் உங்க வீடியோ சொன்னது சரிதாங்க. சரக்கு வெளி மாநிலம் போவுதுன்னா பதிஞ்சாகணும். அதுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது."

"ஆறாயிரம்னு சொன்னாங்களே?"

"அது அவரு கூலி. சரி, கயிறு எங்க வாங்கறீங்க?"

"சேலத்துலங்க."

"அங்க பில்லுல வரி போட்டிருப்பாங்களே, பாத்தீங்களா?"

தனுஷா யோசித்தாள். "அப்ப இத்தினி நாளா நானும் வரி கட்டிக்கினுதான் இருந்தேனா?"

"கட்டிக்கினுதான் இருந்தீங்க. பதிஞ்சா ஒரு ஜி.எஸ்.டி. நம்பர் வரும். இனிமே அந்த நம்பரப் போட்டு பில்லு வாங்குங்க. பெங்களூர்க்காரர்கிட்ட நீங்க வசூல் பண்ற வரியில, சேலத்துல கட்டினதக் கழிச்சிட்டு மீதிய எங்களுக்குக் கட்டினா போதும்."

"ஐயோ, அந்த பில்லெல்லாம் அடுப்பு பத்த வெச்சிட்டேனேங்க!"

பக்கத்து மேசைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். ஒன்றுமே விற்காத மாதத்திலும், ஒன்றும் விற்கவில்லை என்று கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், மறந்தால் அபராதம் என்று சொல்லி, தேவையான தாள்களின் பட்டியலையும் தீனதயாளன் எழுதிக் கொடுத்தார். கடைசித் தாளில்தான் வினை இருந்தது. தொழில் நடக்கும் வீடு மாமியார் பெரியம்மாள் பேரில் இருந்ததால், அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

கடிதத்தைப் பார்த்ததும் பெரியம்மாள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வூட்ட எழுதி வாங்கப் பாக்குறியா?"

"அத்தே, நான் இங்க கயிறு பின்றேன், அதுக்கு உங்களுக்குச் சம்மதம்னு மட்டுந்தான் எழுதியிருக்கு."

"இத்தினி நாளா வாணான்னா சொன்னேன்? பின்ன எதுக்கு கையெழுத்து?"

வெற்றிவேல் கெஞ்சிப் பார்த்தான். எடுபடவில்லை. மறுநாள் காலை பெரியம்மாளே புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். "அந்த ஆபீசரு வாயால சொல்லட்டும்."

தனுஷாவும் கூட ஏற, மறுபடியும் டவுன் பஸ். தீனதயாளன் முன்னால் போய் நின்று அவர் கேட்டார்: "இதுல கையெழுத்துப் போட்டா வூடு யாருதுங்க?"

"உங்களுதுதாம்மா."

"அத எழுதிக் குடுங்க."

 தீனதயாளன் கடிதத்தைத் தனுஷாவிடம் நீட்டினார். "கீழ ஒரு வரி சேத்துக்கங்க. தப்பில்ல."

'வீடு முழுவதும் எனக்கே சொந்தம்' என்று தனுஷா எழுதினாள். அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே பெரியம்மாள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பம் போட்டுப் பத்து நாள் கழித்து, இடத்தைப் பார்வையிட ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. "ரைடாம்டி!" என்று எதிர்வீட்டில் யாரோ கத்தினார்கள்.  பெரியம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"வூடு என்னுது. தொழில் எம்மருமவளுது. உள்ள வந்து பாருங்க."

அதிகாரி சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நைலான் கயிற்று உருண்டைகளையும் சலங்கை மூட்டையையும் பார்த்தார். 'தனுஷா கயிறு கடை' என்று வெற்றிவேல் பெயிண்டில் எழுதி மாட்டியிருந்த பலகையோடு சேர்த்து வீட்டைப் படம் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. போகும்போது தன் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காசு கொடுத்தார்.

ஐந்தாம் நாள் நம்பர் வந்தது. இருநூறு கயிறும் நான்கு அட்டைப் பெட்டிகளில் பெங்களூருக்குப் போயின. முதல் பில்லை நிரப்ப தனுஷாவுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டு, மூன்றாவதில்தான் கூட்டல் சரியாக வந்தது. அடுத்த மாதக் கணக்கையும் தானே தாக்கல் செய்தாள்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு ராணியம்மாள் முறுக்குச் சம்புடத்தோடு வந்து நின்றாள்.

"எம்முறுக்க பெங்களூருக்கு அனுப்பணும்னா இன்னா பண்ணணும் தனுஷா?"

தனுஷா பாயை விரித்தாள். "உக்காருங்கக்கா. வூடு யாரு பேர்ல இருக்கு, அத மொதல்ல சொல்லுங்க."