கொட்டிலை விட்டு வராத காளை

“உன் மாடு தூங்குதுடி.”

“தூங்கல. உன் கொக்கு முந்திக்கிச்சு.”

“அதைத்தானே நானும் சொல்றேன். என் கொக்கை முந்துறதுக்குத்தானே இந்த மாட்டை இரவல் வாங்குன? முந்தலன்னா அதை வெச்சு என்ன பண்ணப்போற, பாலா கறக்கப்போற?”

“காளைடா அது.”

“அப்ப அதுக்கும் வழி இல்ல.”

மிலுஸ்கா சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த விளையாட்டுக் கருவியின் சின்னத் திரையில் இரும்புக்காளை முன்னங்கால் மடங்கிச் சரிந்துகொண்டிருந்தது. எதிரே பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்த ரூபேனின் திரையில் மழைக்கொக்கு ஒற்றைக்காலில் நின்று இறகு கோதிக்கொண்டிருந்தது. ரூபேனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கோர்தோ என்றுதான் கூப்பிடுவார்கள். குண்டன் என்று அர்த்தம். ஆள் துடைப்பக்குச்சி மாதிரி இருப்பான். பெரு நாட்டின் அரெகிபா நகரில், பழைய வணிக வளாகம் ஒன்றின் இரண்டாம் மாடியில் கைப்பேசி உறை விற்கும் கடை அவனுடையது. சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைவு. உறைகள் தொங்கும் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து இருவரும் காலையிலிருந்து திரையில் வளர்க்கும் பூதங்களை மோதவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அதே வளாகத்தின் மேல்மாடியில் போட்டி. ஜெயிப்பவருக்கு லிமாவில் நடக்கும் தேசியப் போட்டியில் இடம் உண்டு. மார்ச் மாதப் போட்டியில் ஜெயித்தவள் மிலுஸ்கா. அதனால் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த சீசனில் ஆளுக்கொரு மழைக்கொக்கு வைத்திருந்தார்கள். கொக்கை அடக்க ஒரே வழி இரும்புக்காளை. காளை முந்தினால் கல்லெறிந்து கொக்கை வீழ்த்திவிடும். பிந்தினால் கொக்கு பொழிகிற மழையில் காளை துருப்பிடித்து விழுந்துவிடும். மிலுஸ்காவிடம் காளை இல்லை, புதிதாக ஒன்றை வளர்க்க நேரமும் இல்லை. அவர்களோடு ஆடும் நண்பன் ஹெய்னரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வேலை இருக்கிறது, நான் ஆடவில்லை, நீ வைத்துக்கொள் என்று அவன் நேற்று அனுப்பிவைத்தான். கூடவே, ‘நல்லா முட்டும், பத்திரம்’ என்று ஒரு செய்தி.

“இன்னொரு தடவை” என்றாள்.

இன்னொரு தடவையும் கொக்குதான் முந்தியது.

“குடு, அதோட வயித்தைத் திறந்து பாப்போம்” என்று கோர்தோ அவள் திரையை வாங்கி, காளைக்குப் புள்ளிகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தான். பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

ஒவ்வொரு பூதத்துக்கும் பங்கிட்டுக்கொள்ள ஒரே அளவு புள்ளிகள்தான். பலத்தில் போடலாம், வேகத்தில் போடலாம், உடம்பில் போடலாம். அடிக்கப் பிறந்த பூதம் என்றால் யோசிக்கவே வேண்டாம்: பலத்தை நிரப்பு, வேகத்தை நிரப்பு, எதிரி மூச்சு விடுவதற்குள் முடித்துவிடு. இந்தக் காளையை வளர்த்தவன் அப்படிச் செய்யவில்லை. வேகத்தைப் பாதி வழியில் நிறுத்தியிருந்தான். பலத்திலும் கொஞ்சம் கைவைத்து மிச்சத்தையெல்லாம் உடம்பில் கொட்டியிருந்தான். பலத்தைக் கூட்டும் கச்சை கட்டவேண்டிய இடுப்பில் அது ஒரு பழத்தை வைத்திருந்தது. தீயடியின் தாக்கத்தை ஒரே ஒரு முறை பாதியாகக் குறைக்கும் பழம்.

“பழமா?” என்றாள் மிலுஸ்கா.

“பழம்தான். மாட்டுக்குப் பசிக்கும்னு வெச்சிருப்பான்.”

“ஹெய்னர் இப்படிக் கட்டமாட்டான்.”

“கட்டியிருக்கானே.”

அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் குத்துமதிப்பாகப் புள்ளி போடுவார்கள். ஹெய்னர் போடும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு காரணம் இருக்கும். இந்த அடியைத் தாங்க இவ்வளவு, அந்தப் பூதத்தை முந்த இவ்வளவு என்று நூல் பிடித்தாற்போல் கட்டுவான். மிஸ்தி மலைக்குப் பின்னாலிருந்து ஒருநாள் சூரியன் வராமல் போனாலும் போகும், ஹெய்னர் கணக்குத் தப்பாது என்பது அந்த மாடியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

“இந்த வேகம் எதையோ முந்துறதுக்குத்தான் வெச்சிருக்கான்” என்றாள். “எதைன்னு பாரு.”

கோர்தோ கைப்பேசியில் கணக்குப் போடும் செயலியைத் திறந்தான். இந்த சீசனில் ஆடப்படும் பூதங்களை ஒவ்வொன்றாக எதிரில் நிறுத்திப் பார்த்தார்கள். வேகமானவற்றை எல்லாம் இந்தக் காளை முந்தவில்லை. மெதுவானவற்றை முந்த இவ்வளவு வேகம் தேவையில்லை. நடுவில் நிற்கிற எதற்கும் அந்த எண் பொருந்தவில்லை. உறை வாங்க வந்த ஒரு பெண், தன் கைப்பேசிக்கு எது சேரும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமல் போய்விட்டாள்.

“வியாபாரம் போச்சு” என்றான் கோர்தோ. “சரி, வேகத்தை விடு. பழத்தைப் பாரு. தீக்குப் பயந்த மாடு. ஆனா இந்த மழையில தீயை யாரு கொண்டு வர்றா? போன வருஷத்துல இருந்தே ஒருத்தனும் தீ ஆடுறதில்ல. உன்னை மாதிரிப் பைத்தியத்தைத் தவிர.”

அவன் அதைக் கிண்டலாகத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“போடு” என்றாள் மிலுஸ்கா.

“வேணாம்டி.”

“என் நரியைப் போடு.”

அவளுடைய சாம்பல்நரி. மழை வந்தால் என்ன, வெள்ளம் வந்தால் என்ன, அவள் எந்தப் போட்டிக்கும் அதைக் கொண்டுபோகாமல் இருந்ததில்லை. மற்றவர்களின் நரி போல அது முழுவேகம் கொண்டதல்ல. கொக்கின் ஓர் அடியைத் தாங்குவதற்காக வேகத்திலிருந்து கொஞ்சம் பிடுங்கி உடம்பில் வைத்திருந்தாள். எவ்வளவு பிடுங்கினாள் என்பது கோர்தோவுக்குக்கூடத் தெரியாது. ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள். மொயேந்தோ கடற்கரையிலிருந்து திரும்பும் பேருந்தில், தலையில் மணல் உறுத்த, அரைத்தூக்கத்தில் ஹெய்னரிடம் சொன்னாள்.

இப்போது கைப்பேசியை வாங்கித் தன் நரியின் எண்களை அவளே தட்டினாள். காளையின் வேகம் நரியின் வேகத்தைவிடச் சரியாக ஒன்று அதிகம். நரியின் தீயடி எவ்வளவு பலமாக விழுந்தாலும், பழம் இருக்கும்வரை காளை மயிரிழையில் உயிரோடு நிற்கும். காளை எறியும் ஒரு கல் போதும், நரி எழுந்திருக்காது. வேறு யாருடைய நரியாக இருந்தாலும் இந்தக் கணக்கு பலிக்காது.

கோர்தோ தலையைச் சொறிந்தான். “நல்லாக் கட்டியிருக்கான்” என்றான் கடைசியில்.

மிலுஸ்காவைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. காளை தனக்காகவே கட்டப்பட்டது என்பதில் அவளுக்கு வருத்தம் இல்லை. எதிரியை நினைத்துத்தானே பூதம் கட்டுகிறோம். அவளை வீழ்த்துவதற்கென்றே ஒருவன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறான் என்றால் ஒருவகையில் பெருமைதான். அவளைக் குழப்பியது மார்ச் மாதம்.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டாவது தடவையும் அவள் தோற்றிருந்த வாரம் அது. வீட்டில் யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, அதுவே தாங்க முடியாததாக இருந்தது. மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்கவேண்டிய இறுதிச்சுற்றில் எதிரே ஹெய்னர். ஆட்டம் தொடங்குமுன் இருவருடைய ஆறு பூதங்களும் திரையில் வரிசையாக நிற்கும். எதிரியின் ஆறையும் பார்த்துவிட்டு, தன் ஆறில் நாலைத் தேர்ந்தெடுத்து இறக்கவேண்டும். ஹெய்னரின் ஆறில் இரும்புக்காளை நின்றது. முதல் ஆட்டத்தில் காளை வரவில்லை. அவளுடைய நரி அவன் பக்கத்தையே சாம்பலாக்கியது. இரண்டாவது ஆட்டத்திலும் காளை வரவில்லை. அவள் ஜெயித்தாள். என் ஆறுல இருந்த சேற்றுத்தவளையைப் பார்த்துப் பயந்து ஹெய்னரோட மாடு கொட்டிலை விட்டே வரல என்று அன்று ராத்திரி கம்பியில் குத்திச் சுட்ட கறி விற்கும் அந்திகூச்சோ கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் ஜெயித்தது அது ஒன்றைத்தான். அதைச் சொன்னால்தான் அம்மாகூட முகம் மலர்ந்தாள்.

“நீ நரியை இறக்கமாட்டேன்னு நினைச்சிருப்பான்” என்றான் கோர்தோ, அவள் எதை நினைக்கிறாள் என்று புரிந்துகொண்டு.

“முதல் ஆட்டத்துல இறக்கினேனே. பாத்தான்ல. ரெண்டாவதுல ஏன் மாட்டை விடல?”

“பிடிவாதம்.”

“அவனுக்கா?”

கோர்தோ கொஞ்சம் யோசித்தான். “இல்ல. அவனுக்குப் பிடிவாதம் கிடையாது.” பிறகு, “விடுடி. கோப்பை உன் வீட்ல இருக்கு. போட்டோவுல நீ இருக்க. மாடு என்ன நினைச்சா என்ன?”

அவள் திரையை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

சான் கமிலோ சந்தையின் பழச்சாறு வரிசையில் ஹெய்னரின் அம்மா டோன்யா எவுலோஹியாவின் கடை. ஆரஞ்சுக் குவியலுக்குப் பின்னால் அவள் உயரமான மேடை மேல் நின்றுகொண்டிருந்தாள். ஹெய்னர் கீழே பப்பாளிக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். மிலுஸ்காவைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டான்.

“வாடி என் சாம்பியன்” என்றாள் டோன்யா எவுலோஹியா. “நாளைக்கு என்ன பண்ணப்போற? ஜெயிச்சுட்டு லிமாவுக்குப் போய் எங்களையெல்லாம் மறந்துடுவ. உக்காரு. பப்பாளியா, அன்னாசியா?”

“எதுவானாலும் சரிங்க டோன்யா.”

“எதுவானாலும்னு ஒரு பழம் இல்லடி மகளே.”

பப்பாளிச் சாறு வந்தது. மிலுஸ்கா உயர முக்காலியில் உட்கார்ந்து ஹெய்னரைப் பார்த்தாள்.

“மாடு முட்டல” என்றாள்.

“எது?”

“நீ அனுப்புனது. கொக்குகிட்ட தோத்துக்கிட்டே இருக்கு. உள்ள திறந்து பாத்தோம். பழம் வெச்சிருக்கு.”

ஹெய்னரின் கை நின்றது. அவன் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு காது சிவந்தது.

“என்கிட்ட ரெண்டு மாடு இருக்கு” என்றான். “ரெண்டுக்கும் ஒரே பேருதான் வெச்சிருந்தேன். மாத்தி அனுப்பிட்டேன் போல.”

“மாத்தி அனுப்பிட்ட.”

“ஆமா. அவசரத்துல. கொக்கை முந்துறது இன்னொன்னு. இப்பவே தர்றேன், இரு.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு அடியிலிருந்து தன் கருவியை எடுத்தான். இதுவரை அவள் மனத்தில் இல்லாத புதுக் குழப்பம் ஒன்று அப்போது வந்து சேர்ந்தது. கணக்கில் தப்பாதவன் அனுப்புவதில் மட்டும் தப்புவானா? வேண்டுமென்றே அனுப்பியிருந்தால், அவள் திறந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தானா? அப்படி நினைத்தவனுக்குக் காது ஏன் சிவக்கிறது?

“மார்ச்ல இது உன் ஆறுல இருந்துச்சு” என்றாள்.

“இருந்துச்சு.”

“இதே மாடா?”

அவன் பதில் சொல்லுமுன் டோன்யா எவுலோஹியா அரவை இயந்திரத்தைப் போட்டுவிட்டாள். இருவரும் அது ஓயும்வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதேதான்” என்றான்.

“ஏன் இறக்கல?”

“அன்னிக்கு வேணாம்னு தோணுச்சு.”

“ஏன் தோணுச்சு?”

“தோணுச்சுன்னா தோணுச்சு, மிலு. எல்லாத்துக்கும் காரணமா இருக்கும்?”

“உனக்கு இருக்கும். வேற எவனுக்காவது இல்லாம இருக்கலாம்.”

அவன் பப்பாளி விதைகளைக் கத்தியால் வழித்துத் தள்ளினான். “ஜெயிச்சது நீதானே” என்றான். “நான் இறக்கியிருந்தாலும் நீ வேற என்னமாவது செஞ்சு ஜெயிச்சிருப்ப. தவளையை முன்னாடி விட்டிருப்ப.”

அதை அவன் நம்பித்தான் சொல்கிறானா, ஆறுதலுக்குச் சொல்கிறானா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. தேர்வில் தோற்றதற்காகப் பாவம் பார்த்தானா? பாவம் பார்ப்பவன் எதற்கு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அவளை வீழ்த்த இப்படி ஒரு காளையைக் கட்டவேண்டும்? கட்டியவன் அதை ஏன் மேடைவரை ஓட்டிவந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்? பேருந்தில் அவள் அரைத்தூக்கத்தில் சொன்னதைப் பயன்படுத்த வெட்கப்பட்டானோ? ஒவ்வொன்றும் பொருந்துவதுபோல் வந்தது. பக்கத்தில் இன்னொன்றை வைத்ததும் பொருந்தாமல் போனது.

“குடிச்சிட்டியா, இன்னும் இருக்கு” என்று டோன்யா எவுலோஹியா ஜாடியில் மிஞ்சியதை அவள் கோப்பையில் கொசுறாக ஊற்றினாள். சந்தையில் எல்லாக் கடையிலும் ஊற்றுவார்கள். கேட்காமலே ஊற்றுவார்கள், யாரும் வேண்டாம் என்பதில்லை. மிலுஸ்கா கோப்பையைப் பார்த்தாள். மார்ச் மாதமும் இதுதானா? மிஞ்சியதை ஊற்றிக் கொடுத்தானா? நாளைக்குப் போய் அந்த மேல்மாடியில் உட்காரும்போது, தான் யார் என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. சாம்பியனா, கொசுறு வாங்கியவளா? இரண்டில் எதுவானாலும் சரி, தெரிந்தால் போதும்.

“இந்தா, நல்ல மாடு” என்று ஹெய்னர் தன் கருவியை நீட்டினான். “இது கொக்கை முந்தும். நான் பாத்துட்டேன்.”

“முதல்ல உன்னுதைப் பிடி” என்றாள்.

பழம் வைத்திருந்த காளையை அவனுக்கே திருப்பி அனுப்பினாள். இரண்டு திரைகளிலும் அது தலையை ஆட்டியபடி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்துபோயிற்று. அவன் பதிலுக்கு மற்றதை அனுப்பப்போனபோது அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“அது அப்புறம். மார்ச்ல நீ கொண்டு வந்த அதே ஆறை எடு.”

“எதுக்கு?”

“நானும் அதே ஆறை எடுக்கறேன். நரி அதே நரிதான், ஒரு புள்ளிகூட மாத்தல.”

“மிலு, கடை நேரம்.”

“ஏன்டா, போய் ஆடேன் பிள்ளைகூட” என்றாள் டோன்யா எவுலோஹியா மேலிருந்து. “பப்பாளி எங்க ஓடிப்போகுது?”

ஹெய்னர் அம்மாவைப் பார்த்தான், பப்பாளியைப் பார்த்தான், மிலுஸ்காவைப் பார்க்கவில்லை. அவள் தன் கருவியை ஆரஞ்சுக் குவியலின் ஓரத்தில், அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். திரையில் அவளுடைய ஆறும் வரிசையில் நின்றன. நரி முன்னால் நின்றது.

“ஒரே ஒரு ஆட்டம்” என்றாள். “நான் அழமாட்டேன். நாளைக்கு நல்லா ஆடுவேன், அதைப் பத்தியும் நீ கவலைப்படாத. இந்தத் தடவை மட்டும் மாட்டை வெளிய விட்டு ஆடு, ஹெய்னர்.”