இருபத்தைந்து நிமிட விண்கூடு

எண்ணூருக்குக் கிழக்கே, ஆரஞ்சு பாராசூட்டோடு விண்கூடு கடலில் விழுந்தது. அடுத்த நிமிடமே அதன் சிக்னல் செத்தது.

2006. மணலி புதுநகரில் எங்கள் கம்பெனி ஒரு தகரக் கொட்டகை. இன்று அங்கே சிமெண்ட் கிடங்கு. அன்று ஆறு பேர் இருந்தோம். டிக்கெட் வாங்கியவர்களை இப்படியொரு விண்கூட்டில் விண்வெளியின் விளிம்புவரை ஏற்றிப் பத்திரமாக இறக்குவோம் என்று சத்தியமாக நம்பினோம்!

முதல் சோதனை. ஆளில்லாத சின்ன மாதிரி விண்கூட்டை ராட்சத பலூனில் ஏற்றி, உச்சியில் கழற்றிவிட்டிருந்தோம். கடலில் அது மிதப்பது இருபத்தைந்து நிமிடம். உள்ளே இருக்கும் பதிவுப் பெட்டி மூழ்கினால் கம்பெனியும் மூழ்கும். இன்னொன்று செய்ய எங்களுக்கு வழியில்லை.

மீட்கப் போனது காசிமேட்டு மீனவர் அப்பாவுவின் லாஞ்சுப் படகு. கம்பெனி சார்பில் நான் மட்டும், தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த கௌசர்.

அது விழுந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அலைதான் இருந்தது. மீதி பதிமூன்று நிமிடம்.

வயர்லெஸ்ஸில் முதலாளி லட்சுமணன் அலறினார். "தெற்குக் காத்து! வடக்கே தள்ளியிருக்கும். கம்ப்யூட்டர் சொல்லுது, வடக்கே போ!"

நண்டு வலைக்கு அடையாளமாக யாரோ மிதக்கவிட்டிருந்த கொடிக் கழியை அப்பாவு காட்டினார்.

"கொடியப் பாக்காத மேடம், கழியப் பாரு. கொடி காத்துக்கு வடக்கால ஆடுது. கழி தெக்கால சாஞ்சிக்கினு கீது. வெள்ளம், அதான் நீரோட்டம், அப்டி இழுக்குது. உன் டப்பா முக்காவாசி தண்ணிக்குள்ள கீது, காத்து அத்த இன்னா பண்ணும்?"

"நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நா இன்னேரம் ஆந்திராவுல கருவாடு வித்துகினு இருப்பேன்."

பத்து நிமிடம். வயர்லெஸ் கத்திக்கொண்டே இருந்தது. அணைத்தேன்.

"தெக்கால வுடுண்ணே!"

"அட்ரா! தண்டையார்பேட்டை வாயத் தொறந்துச்சுடா!" அப்பாவு சுக்கானைத் திருப்பினார்.

எஞ்சின் உறுமியது. ஆறு... நான்கு... இரண்டு...

"தோ கீது!"

விண்கூட்டின் ஆரஞ்சுத் தலை ஒரு சாண் மட்டும் தண்ணீருக்கு மேலே! வலையை வீசி வளைத்து, அப்பாவுவின் ஆட்கள் நான்கு பேர் அதை லாஞ்சுக்குள் இழுத்தார்கள். மூடியைத் திறந்தேன். பெட்டி காய்ந்திருந்தது.

வயர்லெஸ்ஸை உயிர்ப்பித்தேன்.

"கிடைச்சிடுச்சு சார்."

"வடக்கே எவ்வளவு தூரம்?"

"வடக்குன்னே சொல்லிடு," என்று கிசுகிசுத்தார் அப்பாவு. "படிச்ச மனுசன், பேஜாராயிடுவாரு."

"தெற்கே சார்."

வயர்லெஸ்ஸில் கரகரத்த சிரிப்பு. "அந்தப் படகுக்காரரைக் கையோடு கூட்டிட்டு வா. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வைக்கணும்."

இரண்டு வருடத்தில் கம்பெனி மூடியது. எங்களில் யாரும் விண்வெளிக்குப் போகவில்லை. ஆனால் அன்று டீசல் வாடையில், துப்பட்டாவில் மீன் செதிலோடு, அந்த ஈர விண்கூட்டில் சாய்ந்துகொண்டு காசிமேடு திரும்பினேனே... அதற்குப் பிறகு எந்த வேலை முடிந்தும் அத்தனை சந்தோஷமாக நான் கரை திரும்பியதில்லை.