பின்கதவுக் கசிவு

“அப்பா, கொஞ்சநேரம் மூச்சைப் பிடியுங்கோ. உங்கட இழுப்புச் சத்தத்தில ஒண்டும் கேக்குதில்லை.”

உள்தட்டைக் கழற்றிய பின்கதவுக்குள் காதை வைத்தபடி ஜக்சன் சொன்னான். முன் கதிரையில் இருந்த பேணாட் இழுத்து இழுத்துச் சிரித்தார்.

“என்ர மூச்சை நிப்பாட்டினாத்தான் உனக்குக் கார் திருத்த ஏலுமோ?”

“பகிடி விடாதேங்கோ.”

அந்தப் பழைய ஜெர்மன் காரில் எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் மெல்லிய குழாய்கள் வழியே நாலு கதவையும் ஒன்றாகப் பூட்டித் திறக்கும். எஞ்சினை நிறுத்தினாலும் அது கொஞ்சநேரம் குழாய்களில் தங்கி நிற்கும். இப்போது எங்கோ ஒரு குழாயில் கசிவு. போன கிழமை ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவு திறக்கவேயில்லை. பூட்டுக் குமிழைத் தூக்கப் பலமில்லாமல் அப்பா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினார். அந்தத் தட்டல் ஜக்சனுக்கு நித்திரையிலும் கேட்டது. இன்னொருதரம் அப்படி நடந்தால்?

பேணாட் மூச்சைப் பிடித்தார். அன்புவழிபுரத்து வளவு அமைதியானது. கதவின் அடியில், ஸ்ஸ்ஸ்...

விரலால் தடவிப் போனான். றப்பர் வளைவொன்றில் மயிரிழை வெடிப்பு. பெருவிரலால் அழுத்தினான். சத்தம் நின்றது.

“பிடிச்சிட்டன் அப்பா! இனி விடுங்கோ.”

துறைமுகப் பக்கம் கப்பலொன்று ஊதியது.

“அப்பா, மூச்சை விடுங்கோ.”

இருக்கைக்கு மேலால் நரைத்த பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

“விளையாடாதேங்கோ எண்டனெல்லே...”

பெருவிரலை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

குசினியிலிருந்து கோப்பியோடு வந்த அம்மா சீலாதான் முன்பக்கம் போனாள். கோப்பை சீமெந்தில் விழுந்து உடைந்தது.

மறுநாள் பின்னேரம், பிரேதப் பெட்டி முதலிலேயே மாதா கோயிலுக்குப் போய்விட்டது. வெடித்த றப்பருக்கு மச்சான் அஞ்சலோ புதுத் துண்டு போட்டிருந்தான். சீலா பின்னால் ஏறினாள்.

“தம்பி, கடைசியா உன்னோட என்ன கதைச்சவர்?”

“பகிடி விட்டவர் அம்மா.”

“என்ன பகிடி?”

ஜக்சன் தன் பக்கத்துக் குமிழை அழுத்தினான். நாலு குமிழும் ஒன்றாக இறங்கின. சீலா திடுக்கிட்டுத் தன் கதவைப் பார்த்தாள். அவன் காது கொடுத்துக் கேட்டான். எங்கும் சத்தமில்லை.

பிறகு கையை எட்டி, ஆளில்லாத முன் கதிரைப் பக்கத்துக் குமிழை மட்டும் மேலே தூக்கிவிட்டு, காரை எடுத்தான்.