ஆஷ்பி வரும் நேரம்

நவம்பர் 15. நேற்று அப்பாவுக்குப் பதிலாக மெசேஜை நான் அனுப்பினேன். கப்பல் வரும் நேரத்தைக் கிழக்கு நேரத்தில் போட்டுவிட்டேன். நம் ஊர் நேரம் அதற்கு ஒரு மணி பின்னால். கப்பல் வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆட்கள் போய் நின்றிருக்கிறார்கள். எந்த நேரம் என்று பக்கத்திலேயே சின்னதாக எழுதியிருந்தது. நான் பார்க்கவில்லை.

இதை எழுதி, பேனாவை மூடிவிட்டு, சிக்னே லேப்டாப்பைப் பார்த்தாள். திரையின் நடுவில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னறையில் ஏரியைப் பார்த்துப் போட்டிருந்த மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே போர்வைக்கு வெளியில் அப்பாவின் கை தொங்கியது. விரல்கள் வீங்கிப் பளபளத்தன. மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னத்தடி எழுதுற? என் உயிலா?"

"நேத்து பண்ணின தப்ப எழுதுறேன்."

அப்பா ஆர்னே மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "ஒரு பக்கம்... பத்துமா?"

செவ்வாயும் வியாழனும் மாலையில் அவள் கல்லூரிக்குக் கணக்குப் படிக்கப் போகிறாள். தினமும் ஐந்து வரி எழுதுங்கள், முதல் வரியில் உங்கள் தவறை எழுதுங்கள் என்று முதல் வகுப்பிலேயே ஆசிரியை சொல்லியிருந்தார். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். சிக்னே விடவில்லை. முதல் வரிக்கு அவளிடம் பஞ்சமே இருந்ததில்லை.

நேற்றைய தவறு மற்றவை போல இல்லை. ஆர்னே கப்பலில் தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற நாள் முதல், இன்று எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு என்று கூட வேலை செய்தவர்களுக்கு தினமும் ஒரு மெசேஜ் போடுவார். கடைசியில் அவர்களில் யாரையாவது, பெரும்பாலும் வெய்க்கோவை, வம்புக்கு இழுத்து ஒரு வரி இருக்கும். அந்தக் கிழவர்கள் ஏரியின் அலைத்தடுப்புச் சுவரில் போய் நின்று கையசைப்பார்கள். கப்பல் சங்கு ஊதும், மூன்று நீளம், இரண்டு குட்டை. பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பார்கள். வேறு ஒன்றுமில்லை.

போன மாதத்திலிருந்து அவர் விரல் போனில் ஒரு எழுத்தை அழுத்தினால் மூன்று எழுத்து விழுந்தது. ஒரு மெசேஜுக்கு முக்கால் மணி நேரம் போராடினார். நேற்றுத்தான் முதல் தடவையாக போனை மகளிடம் நீட்டினார். அவள் 'கப்பல் காலை 10.00 மணிக்கு வரும். நன்றி.' என்று எழுதி அனுப்பினாள். ஒன்பது மணிக்கு, ஆளில்லாத சுவரைப் பார்த்து, கப்பல் ஊதிக்கொண்டு வந்தது. படுக்கையில் கிடந்த ஆர்னே அதைக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வகுப்புக்காக வாங்கிய லேப்டாப் பெட்டி இன்று காலைவரை பிரிக்காமல் கிடந்தது. அதை அப்பாவின் போனோடு இணைத்துவிட்டால் பெரிய எழுத்துப் பலகையில் அவரே தட்டலாம், மெசேஜ் அவருடைய எண்ணிலிருந்தே போகும் என்று படித்ததும் அவள் முடிவுசெய்துவிட்டாள். இன்றைய மெசேஜ் அவர் கையால்தான் போக வேண்டும்.

லெம்பி அத்தை காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஆர்னேவுக்கு மூத்தவள். ஒரு மாதமாக இங்கேயேதான் இருக்கிறாள்.

"அடியே, அவன் மூச்சு விடுறதே பெரும்பாடா இருக்கு. நீ கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கப் போறியா?"

"தானே தட்டணும்னு அவர்தான் கேட்டார், அத்தை."

"முந்தாநாள் மீன் பிடிக்கப் போகணும்னும்தான் கேட்டான்."

"அதுக்கு," என்றார் ஆர்னே, "ஏரில ஏறி உக்கார... ஐஸ் இன்னும் உறையல."

"வாய மூடிட்டு மூச்சு விடுடா."

வட்டம் நின்றது. லேப்டாப் ஒவ்வொன்றாகக் கேட்டது. எந்த நாடு, எந்த மொழி, எந்த வைஃபை. சிக்னே ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்தாள். அப்படியும் எந்தக் கணக்கில் நுழைவது என்று கேட்ட இடத்தில் பழக்கதோஷத்தில் கல்லூரிக் கணக்கைக் கொடுத்துவிட்டாள். கல்லூரிக் கணக்கில் வெளிப் போனை இணைக்க அனுமதியில்லை என்று கடைசியில்தான் சொன்னது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"மறுபடியுமா?" என்றாள் அத்தை.

"மறுபடியும்."

மதியம் நர்ஸ் வந்தாள். ஆர்னேவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். போகும்போது வாசலில், கையுறையை மாட்டிக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னாள். "இன்னைக்கு ராத்திரி தாண்டுமான்னு தெரியல. எப்ப வேணாலும் கூப்பிடுங்க." அத்தை தலையாட்டினாள். உள்ளே போய், யாரும் கேட்காமலேயே மீதி ரொட்டியையும் துண்டு போட்டாள், மெல்லிசாக, இன்னும் மெல்லிசாக. சிக்னே மறுபடி தரையில் உட்கார்ந்தாள்.

கியூஆர் கோடு திரையில் வந்தது. அப்பாவின் போனை அதற்கு நேராகப் பிடித்தாள். போன் தன் பங்குக்குக் கேட்க ஆரம்பித்தது. மெசேஜ்களைக் காட்டலாமா? காட்டலாம். தொடர்பு எண்களை? சரி. போன் தூங்கினாலும் இணைப்பு தொடரட்டுமா? பேட்டரி கூடுதலாகச் செலவாகும். அந்த நேரம் பார்த்து ஆர்னேவுக்கு இருமல் வந்தது. அவள் 'பிறகு' என்பதைத் தொட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

இருமல் அடங்கியபோது லேப்டாப்பில் அப்பாவின் மெசேஜ்கள் வரிசையாக வந்து நின்றிருந்தன. மேலே 'சுவர்' என்ற குழு.

"வந்துடுச்சு அப்பா!"

தலையணைகளை அடுக்கி, சாப்பாட்டுத் தட்டுப் பலகையை இழுத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். இன்று வரும் கப்பலைப் பற்றி இணையத்தில் இருந்ததைப் படித்தாள். "ஆஷ்பி. நாலு நாப்பது."

"யாரோட... நேரம்?"

"கிழக்கு நேரம்."

"அப்ப?"

"மூணு நாப்பது. நம்ம நேரம்."

"ம்."

ஒரு விரலை நீட்டி அவர் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தும் எங்கே இருக்கிறது என்று தேடினார். கண்டுபிடித்ததும் ஆணி அடிப்பதுபோல அடித்தார். ஓரிடத்தில் எழுத்து இரண்டாக விழுந்தபோது சிக்னே கையை நீட்டினாள்.

"தள்ளு."

கையை எடுத்துக்கொண்டாள். அத்தை வந்து கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்தாள்.

'ஆஷ்பி 3.40 நம்ம நேரரம் வெய்க்கோ இந்தத் தொப்பியயாவது ஏரிக்குக் குடுக்காம போட்டுட்டு வா'

அவர் அதை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு பலகை அதிரும்படி ஓங்கி ஓர் அடி அடித்து அனுப்பினார்.

"போச்சா?"

"போச்சு, அப்பா."

அவர் தலையணையில் சாய்ந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மெசேஜ் போட்டு முடித்த காலைகளில் சமையலறை நாற்காலியில் சாய்வாரே, அதே சாய்வு. சிக்னே லேப்டாப்பை மூடி ஜன்னல் விளிம்பில் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அத்தை பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் தூங்கினார். மூச்சு வந்தது, நின்றது, வந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவில் அத்தையின் ஊசிகள் நிற்கும். மூச்சு வந்ததும் மறுபடி நகரும். மூன்று மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஊசிகள் நின்றன. நின்றபடியே இருந்தன.

"ஆர்னே," என்றாள் அத்தை. "டேய்."

சிக்னே அவர் கையைப் பிடித்தாள். கை கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தை எழுந்து இயந்திரத்தை நிறுத்தினாள். மூக்கிலிருந்த குழாயை எடுத்து, சுருட்டி, பக்கத்து மேசையில் வைத்தாள். ஜன்னலை ஒரு கை அகலத்துக்குத் திறந்தாள். ஏரிக் காற்று உள்ளே வந்தது.

"நர்ஸுக்குப் போன் பண்ணுடி."

எண் லேப்டாப் மூடியில் ஒட்டிய சீட்டில் இருந்தது. அதை எடுக்கப் போனவள், ஏனென்று தெரியாமல் மூடியைத் திறந்தாள். அப்பாவின் வரிக்குக் கீழே சிவப்பாக ஒரு குறி. அனுப்பப்படவில்லை. போன் இணைப்பில் இல்லை.

ஜன்னல் விளிம்பில் போன் இருண்டு கிடந்தது. 'பிறகு' என்று தொட்ட இடம் அவள் கண்முன் வந்தது.

"அத்தை, போகல."

"என்னது போகல?"

"அப்பாவோட மெசேஜ்."

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. "இப்ப அதுவாடி பெரிசு?"

"போச்சான்னு கேட்டார். போச்சுன்னு சொல்லிட்டேன்."

அத்தை தம்பியைப் பார்த்தாள். போர்வையை அவர் நெஞ்சுவரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, பாரு. நர்ஸு காத்திருப்பா. இவனுக்கும் இனி அவசரமில்ல."

அதே வரியை போனிலேயே அவள் தட்டியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அது அவள் கையால் போவதாகிவிடும். போனைத் திறந்தாள். அமைப்புகளுக்குள் போனாள். தேடிய இடத்தில் அது இல்லை. வெளியே வந்து வேறு வழியாகப் போனாள். அங்கேயும் இல்லை. போனை மடியில் வைத்து, உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பேட்டரி என்ற தலைப்புக்குள், அதற்கும் உள்ளே, அது இருந்தது. போன் தூங்கினாலும் இணைப்பு தொடரட்டுமா? தொடரட்டும்.

லேப்டாப்பில் போனின் பெயர் மறுபடி வந்தது. சிவப்புக் குறிமேல் தொட்டாள். வட்டம் ஒருமுறை சுற்றியது. அப்பாவின் வரி, இரட்டை விழுந்த எழுத்தோடு, போய்ச் சேர்ந்தது.

பிறகு நர்ஸைக் கூப்பிட்டாள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"மூணு அஞ்சு. நம்ம நேரம்."

"சரிம்மா. கிளம்பி வரேன்."

போனை வைத்ததும் லேப்டாப் 'டிங்' என்றது. வெய்க்கோ.

'தொப்பி தலையில இருக்கு. நேரம் சரியா? இல்ல, இதுவும் உன் பொண்ணு பாத்த வேலையா?'

அத்தை எட்டிப் பார்த்துப் படித்தாள். தொண்டையிலிருந்து சிரிப்பு வெளியே வந்துவிட்டது. ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

சிக்னே விரல்களை எழுத்துகள்மேல் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். இந்த எண்ணிலிருந்து இனி ஒரு வார்த்தையும் போகக் கூடாது.

"நான் சானாவுக்கு அடுப்பு மூட்டுறேன். சனிக்கிழமை நீராவிக் குளியல் இல்லையா," என்று சொல்லி அத்தை பின்வாசல் வழியாக விறகுக் குவியலுக்குப் போனாள். இன்று யார் குளிக்கப் போகிறார்கள் என்று சிக்னே கேட்கவில்லை.

நர்ஸ் வந்து காதில் ஸ்டெதாஸ்கோப் குழலை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தபோது ஆஷ்பி வந்தது. முதலில் தண்ணீரும் வானமும் சேரும் இடத்தில் ஒரு தடித்த கோடு. பிறகு ஒரு தெருவே நகர்ந்து வருவதுபோல அதன் நீளம். அலைத்தடுப்புச் சுவரில் மூன்று பேர் நின்றார்கள். ஒரு தலையில் சிவப்புத் தொப்பி.

சங்கு ஊதியது. மூன்று நீளம். இரண்டு குட்டை. திறந்திருந்த ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நர்ஸ் நிமிர்ந்து, காதிலிருந்து குழலை எடுத்துவிட்டு, அது முடியும்வரை காத்திருந்தாள்.

சிக்னே கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. கிழவர்கள் சுவரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வெய்க்கோ தூரத்திலிருந்தே கத்தினார்.

"இந்தத் தடவ நிமிஷம் தப்பல! உங்கப்பன்கிட்ட சொல்லு, தொப்பியும் பறக்கலன்னு!"

அவள் கிட்டே போய் நின்றாள். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வைத்திருந்தாள். அது வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்து மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"எப்ப?" என்றார் வெய்க்கோ.

"கொஞ்சம் முன்னாடி. மூணு மணிக்கு மேல."

அவர் பைக்குள்ளிருந்து போனை எடுத்தார். மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அவர் டைப் பண்ணதுதான், மாமா. போகாம நின்னுடுச்சு. நான் தட்டிவிட்டேன், அவ்வளவுதான்."

"தெரியும். உனக்கு இவ்வளவு கேவலமா எழுத வராது."

வெய்க்கோ தொப்பியைக் கழற்றினார். நரைத்த நாலு மயிர் காற்றில் எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர், எதையோ நினைத்துக்கொண்டதுபோல, தொப்பியைத் தலையில் மாட்டிக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

துறையில் ஆஷ்பியைக் கட்டும் சங்கிலிச் சத்தம் கேட்டது.

"நாளைக்கு எது வருது?" என்றார் அவர்.

"பாத்துச் சொல்றேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது சானாவின் புகைபோக்கியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அத்தை ஊற்றிவைத்திருந்த ஆறிய காபியைக் குடித்தாள். பிறகு காலையில் எழுதிய பக்கத்தைத் திறந்தாள்.

'போச்சு' என்று பார்க்காமல் சொன்னேன். அது இன்றைய தவறு.

நாளை: என் போனை லேப்டாப்போடு இணைக்க வேண்டும். 'பிறகு' என்பதைத் தொடக் கூடாது. காலை 8.20க்கு ஒரு கப்பல், நம் நேரம், இரண்டு முறை சரிபார்த்தேன். ஏழு மணிக்குள் என் எண்ணிலிருந்து அனுப்ப வேண்டும். 'நன்றி' வேண்டாம். கடைசியில் வெய்க்கோ மாமாவுக்கு ஒரு வரி. இன்னும் தோன்றவில்லை.