ஈரலும் மாமியும்

என் மனிசன் துவாரகன் மோட்டார் சைக்கிளில் போனால் ரோட்டில் நிற்கிற எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டுதான் போவார். சீனன்குடாவில் வேலை முடிந்து வந்த அன்றும் அப்படித்தான். டவுனுக்குள் குறுக்கே வந்த மானை இவர் கவனிக்கவில்லை. எங்களூர் மான்களுக்கு ரோட்டு தங்கள் சொந்தம் என்று நினைப்பு. மான் தன் பாட்டுக்குப் போய்விட்டது. இவர் விழுந்தபோது ஹாண்டில் வயிற்றில் இடித்துவிட்டது.

வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர் அசனா, ஈரல் கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்றார். எப்போது ஒப்பரேசன் என்று கேட்டேன். இப்போதைக்குத் தேவையில்லை என்றார். பிரஷர் இறங்கவில்லை, கசிவும் நின்ற மாதிரி இருக்கிறது, அசையாமல் படுத்திருந்தால் ஈரல் தானாக ஆறும், இரத்தம் குறைந்தால் மட்டும் உடனே வெட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவரைப் பெற்ற என் மாமி இராசமலருக்கு இது பிடிக்கவில்லை. வெட்டாத டொக்டர் என்ன டொக்டர் என்று வாட் முழுக்கக் கேட்கக் கதைத்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இரத்தம் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் முடிவைக் கேட்டு வாட்டில் நின்ற நேர்ஸ் மிஸ்ஸியைக் கரைச்சல்படுத்தினேன். குறையவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அடுத்த நாள் நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டு வருகிறேன், மாமி திரையை இழுத்து மூடிவிட்டு உள்ளங்கையில் நோவெண்ணெயோடு நிற்கிறார். எங்கள் பக்கம் சுளுக்கினாலும் மரத்தால் விழுந்தாலும் முதல் மருந்து அந்த எண்ணெய்தான். நன்றாக உருவிவிட்டால் உள்காயம் கலைந்துவிடும் என்பது மாமியின் கணக்கு. மகனோ அம்மாவுக்கு மறுப்புச் சொல்லத் தெரியாமல் சட்டையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறார்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து மாமிக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள் நான். பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"மாமி, கை வைக்காதேங்கோ."

"நான் பெத்த பிள்ளை. எனக்குத் தெரியாதோ?"

"பெத்தது நீங்கள்தான். ஆனா இப்ப தொட ஏலாது. உருவினா திரும்பக் கசியும்."

சத்தம் கேட்டு டொக்டர் வந்துவிட்டார். அவர் ஏசவில்லை. காய்ந்து வருகிற புண்ணின் பொருக்கை யாராவது சுரண்டுவார்களா அம்மா, உள்ளேயும் அப்படி ஒன்றுதான் காய்ந்து வருகிறது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். மாமி எண்ணெயைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். அதன் பிறகு என்னோடு ஒரு கதையும் இல்லை. கதைக்காவிட்டால் இருக்கட்டும், எனக்கு என் மனிசன்தான் வேண்டும் என்று நானும் விறைப்பாக நின்றேன்.

பிறகு எடுத்த ஸ்கானில் கிழிசல் ஆறிக்கொண்டு வருவது தெரிந்தது. வயிற்றில் ஒரு தையலும் இல்லாமல் அவர் எழும்பி நடந்தார். முதல் வேலையாகப் பாரைமீன் குழம்பு கேட்டார். சந்தோசத்தில் நான் மிஸ்ஸியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டேன். சில கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது, வயிற்றில் ஒன்றும் படக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டு வாசல் படலையில் சொந்தக்காரர் கூட்டம். மச்சான் சசிகரன் இவரைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தார். மாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"கிட்ட வராதேங்கோ. அவனைத் தொடுறதெண்டா முதல்ல என்ர மருமகளைக் கேளுங்கோ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மாமியைக் கட்டிப்பிடிக்க நான் ஒருவரையும் கேட்கவில்லை.