செவந்தி கழுத்துக் கட்டி

பீட்டர்ராஜுக்கு அந்தோணியார் மேல் திடீரென்று பக்தி பொங்கியதற்குக் காரணம் ஒரு ஊசி. தையல் ஊசி இல்லை, மாட்டுக்குப் போடுகிற ஊசி. காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் பதுவை அந்தோணியாரை அடிக்க ஆளில்லை என்பது அந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்குப் பால்குடிக் காலத்திலிருந்தே தெரியும். சாவி தொலைந்தாலும் அந்தோணியார், ஆட்டுக்குட்டி தொலைந்தாலும் அந்தோணியார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலேயே கடைசியில் நின்று கொட்டாவி விடுகிற மனிதர், நடுவீட்டில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்துக்கு முன்னால் தினமும் சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்கால் போட ஆரம்பித்தார். அதுவும் மனைவி மதலேனாள் பால் கறக்கத் தொழுவத்துக்குப் போகிற நேரமாகப் பார்த்து.

அந்த ஊசி மதலேனாள் கண்ணில் படுவதற்கு முன்னால் தன் கையில் கிடைத்துவிட வேண்டும். வேண்டுதலே அதுதான்.

"அந்தோணியாரே, அது மட்டும் எங்கையில கெடச்சிருச்சின்னா மீசைய எடுத்துர்றேன்" என்று நேர்ந்துகொண்டார். சாதாரண நேர்த்தி இல்லை இது. இருபது வயதில் விட்ட மீசை. கல்யாணத்தன்று மாமனார் கெஞ்சியும் எடுக்காத மீசை. அதையே தூக்கிக் கொடுக்கத் துணிந்தார் என்றால் மனிதர் எவ்வளவு பயந்து கிடந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். மதலேனாள் தன் தங்கச்சி அருள்செல்வி மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழாவுக்காக மூன்று நாள் வடுகபட்டிக்குப் போயிருந்தாள். இரண்டாம் நாள் செவந்தி தீவனத்தில் வாய் வைக்கவில்லை. செவந்தி அவர்கள் வீட்டுப் பசு. அவர்கள் வீட்டுப் பசு என்று சொல்வதுகூடத் தப்பு, மதலேனாளின் பசு. தாயில்லாக் கன்றாக வந்ததைப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் அவள். திராட்சைப் பந்தலுக்குள் பீட்டர்ராஜ் ராஜாதான், ஒரு குலையைத் தொட்டுப் பார்த்து இன்னும் எத்தனை நாளில் வெட்டலாம் என்று சொல்லிவிடுவார். தொழுவத்துக்குள் வந்தால் அவருக்குச் சாணி அள்ளுவதோடு அதிகாரம் முடிந்தது.

கால்நடை டாக்டர் யுவராணிக்குப் போன் போட்டார். அந்த அம்மா மலையடிவாரத்தில் எங்கோ தடுப்பூசி முகாமில் இருந்தார், போன் போகவே இல்லை. மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொழுவத்து அலமாரியில் போன தடவை மிச்சமான சத்து மருந்து ஒரு புட்டியில் இருந்தது. பக்கத்திலேயே பழைய ஊசியும் இருந்தது. போனில் வீடியோ பார்த்தார். அதில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே மூன்று விநாடியில் மாட்டுக் கழுத்தில் குத்தி எடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனான். இதென்ன பெரிய வித்தை என்று இவரும் ஊசியைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்க் குத்தினார்.

குத்தியது சரி. செவந்தி விட்ட உதறலில் இவர் ஒரு பக்கம் விழுந்தார். எழுந்து பார்த்தால் கையில் மருந்துக்குழல் இருக்கிறது, முனையில் ஊசியைக் காணோம்.

செவந்தி சாயங்காலமே தானாகத் தீவனம் தின்றுவிட்டது, அது வேறு கதை. பீட்டர்ராஜ்தான் சோறு தின்னவில்லை. வைக்கோலை உதறிப் பார்த்தார். சாணியைக் கிளறிப் பார்த்தார். மோட்டார் ரிப்பேர் கடையில் காந்தம் வாங்கி வந்து தொழுவம் முழுக்க இழுத்தார். நான்கு ஆணி, ஒரு கொண்டை ஊசி, சோடா மூடி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவர் தேடியது வரவில்லை. அப்படியென்றால் அது எங்கே இருக்கும்? செவந்தி கழுத்துக்குள்ளேதான் இருக்கும்.

மதலேனாள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் செவந்தியின் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம் தெரிந்தது. இரண்டு நாளில் அது சாத்துக்குடி ஆனது. அப்புறம் அரைத் தேங்காய் அளவுக்கு வந்து நின்றது.

மதலேனாளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்தினால்தான் தேவலையே! பேச்சை நிறுத்திவிடுவாள். மூன்று வருசத்துக்கு முன்னால் செவந்தியின் முதல் கன்றை அவளைக் கேட்காமல் வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். அது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய நேரம். நாற்பது நாளும் சோறு வந்தது, குழம்பு வந்தது, வெந்நீர் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். காலையில் எழுந்ததிலிருந்து மாட்டோடு, கோழியோடு, அடுப்போடு, அவரோடு என்று ஓயாமல் பேசுகிறவள் அவள். அந்தச் சத்தம் நின்றுபோன வீட்டில் அவருக்குச் சுவரே பாரமாக இருந்தது.

டாக்டர் யுவராணி வந்து கட்டியை அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் கல்லு மாதிரி இருக்கு. இப்பக் கீறக் கூடாது. நல்லாப் பழுக்கட்டும். தினம் மூணு வேளை வெந்நீர் ஒத்தடம் குடுங்க, அமுக்கினா மெத்துன்னு ஆனதும் போன் பண்ணுங்க" என்றவர் நிமிர்ந்து கேட்டார். "கழுத்துல யாராச்சும் ஊசி போட்டீங்களா?"

"ஊசியா?" பீட்டர்ராஜ் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுச் செவந்தியே திரும்பிப் பார்த்தது. "சேச்சே, ஊசியெல்லாம் யாரு போடப் போறா? பந்தக் கம்பி எதுவும் கீறியிருக்கும் டாக்டரம்மா."

மதலேனாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாக்டருக்குக் கை கழுவத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

அதற்கப்புறம் ஐந்து நாள் ஒத்தடம் கொடுத்தவர் பீட்டர்ராஜ்தான். மதலேனாள் கொடுக்க வந்தாலும் விடவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, கட்டியின் மேல் வைப்பார். செவந்தி முதல் நாள் முரண்டு பிடித்தது. மூன்றாம் நாள் அவர் தலையைக் கண்டதுமே கழுத்தை நீட்ட ஆரம்பித்துவிட்டது. அது ஒன்று போதாதா, அவர் கண்ணில் தண்ணீர் வர!

"ஆத்தா, என்னைய மன்னிச்சிரு. நாந்தான் கூறுகெட்டத்தனமாப் பண்ணிப்புட்டேன். அவகிட்ட மட்டும் காட்டிக் குடுத்துறாத" என்று அதன் காதில் சொல்வார். செவந்தி காதை ஆட்டும்.

"என்ன, மாட்டுக்கிட்ட ரகசியம்?" என்பாள் மதலேனாள் அடுப்படியிலிருந்து.

"ஒண்ணுமில்ல, செபம் சொன்னேன்."

"செபமா! எம்புட்டுப் பக்தி! அந்தோணியாரே பயந்துருவாரு போங்க."

ஐந்தாம் நாள் சாயங்காலம் விரலால் அழுத்திப் பார்த்தார். திராட்சை பார்த்துப் பழகிய விரல். "பதமா வந்திருச்சு. நாளைக்கு வரச் சொல்லு" என்றார் மதலேனாளிடம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். செவந்தியைத் தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். தலையைப் பிடித்துக்கொள்வது பீட்டர்ராஜின் வேலை. டாக்டர் கட்டியின் மேல் முடியை மழித்தார், சிறு ஊசியால் குத்தி உறிஞ்சிப் பார்த்தார், மஞ்சளாகச் சீழ் வந்தது. மரத்துப்போக மருந்து போட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

"கீழ்ப்பக்கமாக் கீறினாத்தான் தானா வடியும்" என்று சொல்லிக்கொண்டே கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

அப்பா, என்ன நாற்றம்! கெட்டிச் சீழ் அலுமினியச் சட்டி நிறைய வந்து விழுந்தது. டாக்டர் சுற்றிலும் அமுக்கி அமுக்கி வெளியே எடுத்தார். பீட்டர்ராஜ் மூக்கைப் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது பளபளக்கிறதா? இல்லை. அடுத்த அமுக்கலில்? இல்லை. பிறகு அயோடின் கலந்த தண்ணீரை உள்ளே பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார்கள். சீழ் நின்று, சுத்தமான ரத்தம் கசிய ஆரம்பித்தது. செவந்தி பெருமூச்சு விட்டது. இத்தனை நாள் கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்திருந்த மாடு, தலையை இறக்கி முழுப் பாரத்தையும் பீட்டர்ராஜின் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு. மருந்துத் துணிய உள்ள வச்சு விட்டுட்டா ஆறிப்போகும்" என்று டாக்டர் துணியை எடுத்தார்.

முடிந்தது! யாருக்கும் தெரியாது. சட்டியில் ஊசி இல்லை, அவர் தப்பித்தார். நிம்மதி வர வேண்டிய நேரம். வந்திருக்கும், தோளில் அந்தத் தலை மட்டும் இல்லாமல் இருந்தால். சட்டியில் இல்லையென்றால் உள்ளே அல்லவா இருக்கிறது? துணியை வைத்து மூடிவிட்டால் மறுபடி கட்டி வரும். இல்லை, அது இன்னும் ஆழத்துக்குப் போகும். என்னை நம்பித் தலையைச் சாய்த்திருக்கிறதே இந்த வாயில்லா ஜீவன்! நாற்பது நாள் என்ன, ஆயுசு பூராவும் பேசாவிட்டால்தான் என்ன?

"டாக்டரம்மா, நிப்பாட்டுங்க" என்றார். "உள்ள ஊசி கெடக்கு. நாந்தான் போட்டேன். அவ ஊருக்குப் போயிருந்தப்ப வீடியோவப் பாத்துப் போட்டுட்டேன். ஊசி கழண்டு உள்ளயே போயிருச்சு. அன்னைக்கு நீங்க கேட்டப்பப் பொய் சொல்லிட்டேன். நல்லாத் தேடி எடுத்துருங்கம்மா."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, மதலேனாளைப் பார்த்தார். வெந்நீர்ச் செம்போடு நின்றிருந்த மதலேனாள் செம்பைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வீட்டுக்குள் போனாள்.

போச்சு, எல்லாம் போச்சு! பீட்டர்ராஜ் செவந்தியின் கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தேடுங்கம்மா, துணிய வச்சிராதீக" என்று கெஞ்சினார்.

"இருங்கண்ணே, இருங்க" என்றார் டாக்டர். அவர் ஏன் சிரிப்பை அடக்குகிறார் என்று இவருக்கு விளங்கவில்லை.

மதலேனாள் வெளியே வந்தாள். கையில் அந்தோணியார் படம். ஆணியிலிருந்து அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவர் கண்ணெதிரே படத்தைத் திருப்பிப் பின்பக்க அட்டைக்குள் விரலை விட்டு, மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது அந்த ஊசி.

"இதத்தான தேடுனீக?"

பன்னிரண்டு நாள் பீட்டர்ராஜ் எந்தப் படத்துக்கு முன்னால் முழங்கால் தேய மன்றாடினாரோ, அந்தப் படத்துக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது!

"ஊருலருந்து வந்த அன்னைக்கே செவந்தியக் குளிப்பாட்டக் கழுத்துக் கயித்தக் கழட்டுனேன். கயித்து முறுக்குக்குள்ள குத்திக்கிட்டு நின்னுச்சு. அம்புட்டு எடத்தையும் காந்தத்த வச்சு இழுத்தீகளாம்ல, பக்கத்து வீட்டு அக்கா சொன்னாக. கயித்தப் பாக்கத் தெரியல."

"நான் வந்து பாத்துட்டுப் போன அன்னைக்கே மதலேனா அக்கா எனக்குப் போன்ல சொல்லிட்டாங்கண்ணே" என்றார் டாக்டர். "உள்ள ஊசி இருந்தா நான் அஞ்சு நாள் விட்டு வச்சிருப்பனா? அழுக்கு ஊசியால குத்துனதுலதான் சீழ் பிடிச்சிருக்கு. இனிமே வீடியோவப் பாத்துத் திராட்சைக்கு என்ன வேணா பண்ணுங்க, மாட்டத் தொடாதீங்க."

அவர் துணியை வைத்து முடித்து, ஊசி மருந்தும் போட்டார். தினமும் துணியை மாற்றிக் கழுவ வேண்டும், ஈ மொய்க்காமல் சுற்றிலும் வேப்பெண்ணெயில் கற்பூரம் கலந்து தடவ வேண்டும், ஒரு வாரத்துக்குப் பாலை யாரும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

தென்னை மரத்தடியில் மூன்று பேர் மிச்சம். ஒருவர் அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுமா பேசிக்கிட்டு இருந்த?" என்றார் பீட்டர்ராஜ் மெதுவாக. "அந்தக் கன்னுக்குட்டி விசயத்துல நாப்பது நாளு பேசல. இதுக்கு ஏன் நிப்பாட்டல?"

மதலேனாள் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நிப்பாட்டுனா நீங்க எப்பிடிச் சொல்லுவீக? அன்னைக்கு நிப்பாட்டித்தான் பாத்தேனே, நாப்பது நாளும் நீங்க வாயத் தெறந்து தப்புன்னு ஒரு வார்த்த சொன்னீகளா? பேசிக்கிட்டே இருந்தா என்னைக்காச்சும் எடையில சொல்லிருவீகன்னு பாத்தேன். ஒத்தடம் குடுத்தப்பச் சொல்லுவீகன்னு பாத்தேன். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? ஏங்க, நான் என்ன பேயா பிசாசா, எனக்கு இம்புட்டுப் பயப்பட?"

"தப்புதான் மதலேனா" என்றார். அந்த வார்த்தை, மூன்று வருசத்துப் பாக்கியும் சேர்த்து, சுலபமாகவே வெளியே வந்தது. "கன்னுக்குட்டியக் குடுத்ததும் தப்புதான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து படத்தை எடுத்துத் தூசி தட்டினாள்.

"அது கெடக்கட்டும், மீசைய எப்ப எடுக்கப் போறீக?"

பீட்டர்ராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பால் செம்ப எடுக்க வந்தேன். ஊருக்கே கேக்குற மாதிரி நேந்துக்கிட்டீக."

"அது… எங்கையில கெடச்சாத்தான் மீசைய எடுக்குறதுன்னு நேந்தேன். ஒங்கையிலல்ல கெடச்சிருக்கு. கணக்குல சேராது" என்று மீசையைப் பொத்திக்கொண்டார்.

"யாருகிட்டக் குடுக்கணுமோ அவகிட்டத்தான் அந்தோணியாரு குடுத்திருக்காரு. கெளம்புங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் மொக்கைச்சாமி சலூனுக்குப் போய்விட்டுத் திரும்பினார். வழியில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துண்டால் வாயைப் பொத்தியபடி நேராகத் தொழுவத்துக்குள் நுழைந்தார். செவந்தி அவரை முகர்ந்து பார்த்தது. யாரோ என்று ஒரு அடி பின்னால் போனது. பிறகு அவர் கையை முகர்ந்ததும் ஒத்தடத்துக்கு நீட்டுவது போலக் கழுத்தை நீட்டியது.

பின்னாலிருந்து மதலேனாளின் சிரிப்புக் கேட்டது. வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். "ஆத்தாடி, உரிச்ச கோழியாட்டம் இருக்கீக! இந்த மூஞ்சியக் காமிச்சிருந்தா எங்கப்பா பொண்ணே குடுத்திருக்க மாட்டாக" என்று ஆரம்பித்தவள், வேப்பெண்ணெய் காய்ச்சும்போதும் பேசினாள், சோறு போடும்போதும் பேசினாள், சாயங்காலம் வரை பேசி முடிக்கவில்லை. வெறும் உதட்டைத் தடவிக்கொண்டு பீட்டர்ராஜ் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார்.